அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) ஊசி பிடித்ததா இல்லையா, எப்படித் தெரிந்துகொள்வது?

பிப்ரவரி 4, காலை

மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது, அப்படியே போடுகிறேன்: "அக்கா, எங்களிடம் 62 செம்மறி, 9 வெள்ளாடு இருக்கிறது. போன வாரம் அடைப்பானுக்கு ஊசி போட்டோம். ஊசி பிடித்துவிட்டதா என்று ரத்தம் எடுத்துப் பார்க்க முடியுமா? லேபில் எலிக்கும் முயலுக்கும் போட்டுப் பார்க்கிறார்களே, அங்கே எதை வைத்துச் சொல்கிறார்கள்? எங்கள் கீதாரித் தாத்தா, ஊசி போட்ட இடம் வீங்கினால் பிடித்துவிட்டது, வீங்காவிட்டால் தண்ணி ஊசி என்கிறார். அது சரியா?"

பிப்ரவரி 4, மதியம்

வீக்கம் கணக்கில் சேராது தம்பி. அடைப்பான் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள ஸ்போர், அதாவது கெட்டியான ஓட்டுக்குள் விதை மாதிரி உறங்கும் கிருமி. நோய் உண்டாக்கும் வலுவை இழந்த ஒரு வகை அது. 1937-இல் தென்னாப்பிரிக்காவில் ஓண்டர்ஸ்டீபோர்ட் என்ற இடத்தில் மாக்ஸ் ஸ்டெர்ன் கண்டெடுத்த கிருமி, இன்றைக்கும் உலகம் முழுக்க ஆடுமாட்டுக்குப் போவது பெரும்பாலும் அதன் வாரிசுதான். அதோடு சப்போனின் என்று சோப்பு மாதிரி நுரைக்கும் ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். அது தோலுக்கடியில் எரிச்சல் கொடுத்து வீங்க வைக்கும், வெள்ளாட்டுக்கு இன்னும் கூடுதலாக. வீங்கியது என்றால் சப்போனின் வேலை செய்கிறது என்று சொல்லலாம், அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

ரத்தத்தில் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். நான் மூன்று வருடம் அந்த வேலைதான் செய்தேன், மதுரையில் ஒரு ஆய்வகத்தில். அடைப்பான் கிருமியை நாங்கள் தொட்டதே இல்லை. அந்தக் கிருமியின் ஒரே ஒரு புரதத்தை வேறு ஒரு சாதாரண பாக்டீரியாவில் செய்து எடுத்து, சுண்டெலிக்கு ஊசியாகப் போட்டு, அதன் ரத்தத்தில் ஆன்டிபாடி (வந்ததைப் பிடித்து ஒட்டிக்கொள்ள உடம்பு செய்யும் புரதம்) எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளப்போம். புரதத்தின் பெயர் பி.ஏ., ஆங்கிலத்தில் 'புரொடெக்டிவ் ஆன்டிஜென்', பாதுகாக்கும் ஆன்டிஜென் என்பதன் சுருக்கம். இதற்கு எதிராக உடம்பில் ஆன்டிபாடி வந்தால் பாதுகாப்பு கிடைக்கிறது என்பதால் வைத்த பெயர்.

அளப்பது எலிசா முறையில். 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு, குழியின் அடியில் பி.ஏ. புரதம் ஒட்டியிருக்கும். எலியின் சீரத்தை (ரத்தம் உறைந்த பிறகு மேலே நிற்கும் தெளிநீர்) பாதி பாதியாக நீர்க்க வைத்துக்கொண்டே போய் ஊற்றுவோம். ஆன்டிபாடி இருந்தால் அடியில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் நிறம் காட்டும் இன்னொரு ஆன்டிபாடி. நீலம் வரும், அமிலம் விட்டால் மஞ்சளாகும், மஞ்சளின் அடர்த்தியை மெஷின் படிக்கும். எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் நிறம் தெரிகிறதோ அந்த எண்தான் டைட்டர். 100 மடங்கோடு நின்றால் சொற்பம், 10,000 தாண்டினால் நல்ல ஏற்றம். டைட்டர் ஏறியிருந்தால் ஊசி பிடித்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 4, இரவு

ஒன்று விட்டுவிட்டேன். அந்த எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. ஒரு மே மாதம், ஏசி நின்றுபோன நாளில் நான் ஓட்டிய தட்டில் ஒரு எலியின் சீரம் 12,800 காட்டியது. மறுவாரம் அதே சீரம் 3,200. எலி அதேதான், குப்பி அதேதான். ஓரத்துக் குழிகளில் நீர் வற்றி நிறம் கூடிவிட்டது. மதுரை வெயிலில் அரை மணி நேரம் தட்டைத் திறந்து வைத்தாலே போதும். அதற்கப்புறம் ஓரக் குழிகளில் வெறும் உப்புநீர் மட்டும்தான் விடுவேன், தட்டுக்குத் தட்டு ஒரே ரெஃபரன்ஸ் சீரத்தையும் (ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும், அளவு தெரிந்த சீரம்) கூடவே ஓட்டுவேன். அது இல்லாத எண் படி இல்லாமல் நெல் அளந்த மாதிரி.

பிப்ரவரி 6

முந்தாநாள் "டைட்டர் ஏறியிருந்தால் ஊசி பிடித்தது, அவ்வளவுதான்" என்று எழுதினேன். அது தப்பு. நேற்று முழுக்க அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் நானே மூன்று வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டு இருந்தேன், அதைக் கலைத்தது ஒரு கினிப்பன்றிக் கதை.

1986-இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் கினிப்பன்றிகளை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு மனிதருக்குப் போடும் பி.ஏ. தடுப்பூசி, மறு பக்கத்துக்கு ஸ்டெர்னின் உயிருள்ள ஸ்போர் ஊசி. எலிசாவில் பார்த்தால் பி.ஏ. ஊசி போட்டவற்றுக்குத்தான் டைட்டர் அதிகம். அப்புறம் பல ஊர்களில் இருந்து எடுத்த அடைப்பான் கிருமிகளைக் கொடுத்துப் பார்த்தபோது, டைட்டர் குறைவாக இருந்த ஸ்போர் ஊசிக் கூட்டம் தாங்கியது. டைட்டர் கூடிய கூட்டம் சில வகைக் கிருமிகளிடம் தோற்றது. எண் மேலே, ஆனால் உயிர் போய்விட்டது.

அதனால் தம்பி, ரத்தம் எடுத்து ஒரு எண் வாங்கி வைத்துக்கொள்வதால் உங்கள் செம்மறிக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட முடியாது. ஊசியை உடம்பு பார்த்திருக்கிறது என்று வரை சொல்லலாம்.

பிப்ரவரி 7

"ஆன்டிபாடி இருந்தும் ஏன் சாகிறது?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அலங்காநல்லூர் வாடிவாசலை நினைத்துக்கொள்ளுங்கள். காளை வருகிறது, பத்துப் பேர் தொடுகிறார்கள். ஒருவர் வாலைப் பிடிக்கிறார், ஒருவர் கொம்பைப் பிடிக்கிறார், ஒருவர் திமிலை அணைத்துக்கொண்டு நிற்கிறார். தொட்டவர் எத்தனை பேர் என்று எண்ணினால் பத்து. பிடி என்று கணக்கில் சேருவது திமில் மட்டும். எலிசா தொட்டவர்கள் எல்லாரையும் எண்ணும்.

அடைப்பான் கிருமியின் நச்சு மூன்று துண்டு. பி.ஏ. போய் உடலின் செல் மேல் உட்காரும், செல்லின் கத்தரி ஒன்று அதில் ஒரு பகுதியை வெட்டிவிடும், மிச்சமுள்ளவை ஏழேழாகச் சேர்ந்து வளையம் கட்டும். அந்த வளையம்தான் வாசல். மற்ற இரண்டு துண்டும் (ஒன்று செல்லைக் கொல்வது, ஒன்று நீர் கோக்க வைப்பது) அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகும். பி.ஏ.-யின் முதுகில் எங்கேயோ ஒட்டிய ஆன்டிபாடி எலிசாவில் மஞ்சள் காட்டும், ஆனால் வாசல் திறப்பதைத் தடுக்காது. செல்லில் உட்காரும் இடத்தையோ மற்ற துண்டுகள் ஏறும் இடத்தையோ மறைத்த ஆன்டிபாடிதான் திமிலைப் பிடித்தது.

பிப்ரவரி 7, சற்று நேரம் கழித்து

இதை அளக்கவும் வழி இருக்கிறது, நச்சு முறிக்கும் சோதனை என்பார்கள். சுண்டெலியின் மேக்ரோஃபேஜ் செல்களை (கிருமியை விழுங்கும் செல்கள்) தட்டில் வளர்ப்பார்கள். நச்சையும் சீரத்தையும் முதலிலேயே கலந்து வைத்து, செல்கள் மேல் விடுவார்கள். சில மணி நேரம் கழித்து ஒரு மஞ்சள் சாயம். உயிரோடு இருக்கும் செல் அதை ஊதா நிறமாக்கும், செத்த செல்லால் முடியாது. பாதிச் செல்கள் பிழைக்கும் வரை சீரத்தை எவ்வளவு நீர்க்க முடிகிறதோ அதுதான் கணக்கு. இங்கே எண்ணுவது தொட்டவர்களை இல்லை, பிடித்தவர்களை.

2001-இல் இஸ்ரேலில் கினிப்பன்றிகளிடம் இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எலிசா எண் யார் பிழைப்பார் என்பதைச் சரியாகச் சொல்லவில்லை, நச்சு முறிக்கும் எண் சொன்னது. அதே ஆண்டு அமெரிக்காவில் முயல்களிடம் பார்த்தபோது இரண்டு எண்ணுமே பிழைப்போடு ஒத்துப்போனது. ஒரே வகை ஊசி, ஒரே நோய், பிராணி மாறினால் பதில் மாறுகிறது. நாங்கள் அளந்தது சுண்டெலியில் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிப்ரவரி 9

சுண்டெலி பற்றி. வாசித்துவிட்டு ஒருவர் "அப்ப உங்க மூணு வருஷ வேலையே வீணா அக்கா?" என்று கேட்டார். வீண் இல்லை. புரதம் சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா, எத்தனை தவணை வேண்டும், ஊசியின் வேலையைக் கூட்டும் எந்தத் துணைப்பொருளோடு கொடுத்தால் நன்றாக ஏறுகிறது, இதற்கெல்லாம் சுண்டெலி போதும். ஆனால் இந்தச் சுண்டெலி அடைப்பானில் சாகும் விதமே வேறு. கிருமிக்கு நச்சு ஒரு ஆயுதம், மேலே போர்த்தியிருக்கும் உறை இன்னொன்று. முயலிலும் குரங்கிலும் நச்சுதான் பெரிய காரணம், சுண்டெலியில் உறையே ஆளை முடித்துவிடும். பி.ஏ. ஆன்டிபாடி நச்சைத்தான் தடுக்கும், உறையைத் தடுக்காது. முழுக் கிருமிக்கு எதிராகச் சுண்டெலியில் பி.ஏ. ஊசியைச் சோதித்தால் ஊசி மோசம் என்று தோன்றும், தப்பு ஊசியில் இல்லை, தேர்ந்தெடுத்த பிராணியில்.

இதற்காகவே ஏ/ஜே என்று ஒரு சுண்டெலி வம்சத்தை வைத்திருக்கிறார்கள். பிறப்பிலேயே அதற்கு ரத்தத்தில் சி5 என்ற தற்காப்புப் புரதம் இல்லை. அதனால் உறையில்லாத ஸ்டெர்ன் கிருமியே அதைக் கொல்லும். உறை கணக்கில் இல்லாததால் நச்சுக்கு எதிரான பாதுகாப்பை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். ஆட்டுக்கு ஊசியாகப் போடும் கிருமி ஒரு எலிக்கு எமன். முதல்தடவை படித்தபோது நம்பவே முடியவில்லை.

பிப்ரவரி 9, இரவு

கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், "இவ்வளவு சுற்றுவானேன், பாஸ்டர் ஒரே நாளில் காட்டிவிட்டாரே" என்று எழுதியிருக்கிறார். ஆமாம் ஐயா, லூயி பாஸ்டர் தன் அடைப்பான் ஊசியை ஊரறியக் காட்டிய சோதனை அது. 1881 மே 5, பிரான்சில் பூயி-லெ-ஃபோர் கிராமத்தில் 24 செம்மறி, ஒரு வெள்ளாடு, 6 மாடுகளுக்கு முதல் ஊசி. 17-ஆம் தேதி இரண்டாவது. 31-ஆம் தேதி அவற்றுக்கும், ஊசி போடாத இன்னொரு 24 செம்மறி, ஒரு வெள்ளாடு, 4 மாடுகளுக்கும் கொல்லும் கிருமி. ஜூன் 2-ஆம் தேதி ஊரே கூடிப் பார்த்தபோது ஊசி போட்ட ஆடுகள் நின்றுகொண்டிருந்தன, போடாத செம்மறிகள் கிடந்தன, மிச்சம் இருந்த ஒன்றிரண்டும் பார்க்கப் பார்க்க விழுந்தன.

அதுதான் பாதுகாப்பை அளந்த முதல் பெரிய சோதனை, அளவுகோல் சாவு. அதைவிடத் தெளிவான பதில் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பதிலுக்கு 24 செம்மறி. எங்கள் அப்பத்தா வீட்டில் ஒரு செம்மறி செத்தாலே இரண்டு நாள் அடுப்பு எரியாது. சாவை எண்ணாமல் ரத்தத் துளியில் அதே பதிலைப் படிக்க முடியுமா என்பதுதான் அப்புறம் வந்த நூறு வருட வேலையும். அதில் பாதியில் நானும் கொஞ்சம் நின்றேன் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

பிப்ரவரி 12

முக்கியம். மேலூர்த் தம்பி நான் கேட்டபடி காலிக் குப்பியைப் போட்டோ எடுத்து அனுப்பினார். லேபிளில் இருப்பது அடைப்பான் ஊசி இல்லை, தொண்டை அடைப்பான் ஊசி!

இது அவர் தப்பு இல்லை, இந்தப் பக்கம் பாதிப் பேர் இரண்டையும் "அடைப்பான்" என்றுதான் சொல்கிறார்கள். தொண்டை அடைப்பான் வேறு கிருமி, பாஸ்டரெல்லா என்று பெயர் (பாஸ்டர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்). தொண்டை வீங்கி மூச்சு இழுக்கும், மழைக்காலத்தில் கூடும். அதன் ஊசி செத்த கிருமி. அடைப்பான் என்பது திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருரத்தம் கசிவது. ஸ்போர் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைத் தடுக்காது. ஒரு வாரமாக நான் பி.ஏ., நச்சு, வளையம் என்று எழுதியதெல்லாம் அவர் பட்டியில் இல்லாத ஊசியைப் பற்றி. குப்பியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

அடைப்பான் ஊசியை எல்லா ஊருக்கும் வழக்கமாகப் போடுவதில்லை, முன்பு நோய் கண்ட இடங்களுக்குத்தான். தம்பி, உங்கள் பக்கத்தில் எப்போதாவது அப்படிச் செத்திருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேட்டுவிட்டு மாட்டாஸ்பத்திரியில் சொல்லுங்கள்.

பிப்ரவரி 12, இரவு

அவர் தாத்தாவிடம் கேட்டிருக்கிறார். கண்மாய்க்கு மேற்கே கிடை போட்டபோது மூன்று செம்மறி ஒரே விடியலில் மூக்கில் ரத்தத்தோடு கிடந்ததாம், பல வருடத்துக்கு முன்பு.

எனக்கு என் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. உசிலம்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். செத்த ஆட்டை வீணாக்கக் கூடாது என்று தோலை உரித்தார். நாலைந்து நாளில் முழங்கையில் கொசுக்கடி மாதிரி ஒன்று வந்து, கொப்புளமாகி, நடுவில் கரி மாதிரி கருத்து நின்றது. வலியே இல்லை, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பென்சிலின் போட்டுக் காப்பாற்றினார்கள், தழும்பு கடைசி வரை இருந்தது. நான் இந்த வேலைக்குப் போனதே அந்தத் தழும்பைப் பார்த்துத்தான். அப்படிச் செத்த ஆட்டை அறுக்கவோ உரிக்கவோ வேண்டாம். உடம்பைத் திறந்தால் காற்றுப் பட்டு ஸ்போர் ஆகும், அந்த மண் அப்புறம் பல தலைமுறைக்கு ஆகாது. ஆறடிக் குழி, சுண்ணாம்பு, டாக்டருக்குத் தகவல்.

பிப்ரவரி 15

மனிதர்களுக்கு எப்படிச் சோதிப்பார்கள் என்ற கேள்விக்கு. மனிதருக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்க்க முடியாது, யாரும் பார்க்கவும் கூடாது. 1950-களில் அமெரிக்காவில் ஆட்டு ரோம ஆலைத் தொழிலாளர்களிடம் ஒரு தடுப்பூசிச் சோதனை நடந்தது, இயல்பாகவே அவர்களுக்கு நோய் வரும் வேலை அது. 92.5 சதவீதம் பாதுகாப்பு என்று கணக்கு வந்தது. ஆனால் பெரும்பாலும் தோலில் வரும் வகைதான் அதில் இருந்தது, நுரையீரல் வகையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எண்ணிக்கை போதவில்லை.

அதனால் 2002-இல் அமெரிக்காவில் ஒரு விதி கொண்டு வந்தார்கள். மனிதரிடம் சோதிக்க முடியாத நோய்களுக்குப் பிராணிகளிடம் பாதுகாப்பைக் காட்டி, அந்தப் பாதுகாப்புக்கு எந்த ரத்த எண் ஈடாகிறது என்று கண்டுபிடித்து, ஊசி போட்ட மனிதர் ரத்தத்தில் அதே எண் வருகிறதா என்று பார்க்கலாம். 2015-இல், மனிதருக்கு ஏற்கெனவே இருந்த பி.ஏ. தடுப்பூசிக்கே, கிருமி பட்ட பிறகு போடுவதற்கு, இந்த வழியில் அனுமதி வந்தது. எண்ணாக எடுத்தது நச்சு முறிக்கும் அளவு, ரெஃபரன்ஸ் சீரத்தின் எண்ணால் வகுத்த விகிதமாக. 70 சதவீதம் பிழைக்க முயலுக்கு 0.56 வேண்டியிருந்தது, குரங்குக்கு 0.29 போதுமாக இருந்தது. அந்த இரண்டு எண்ணையும் என் நோட்டில் எழுதிப் பக்கத்தில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அளவுகோலை இவ்வளவு சரிசெய்த பிறகும் முயலின் பாதுகாப்பும் குரங்கின் பாதுகாப்பும் ஒரே எண்ணில் அடங்கவில்லை. ஒரே ஒரு பிராணியைப் பார்த்துவிட்டு "மனிதருக்கு இது போதும்" என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பிப்ரவரி 16

மேலே எழுதியதற்கு இன்னொரு ஒட்டு. ரத்தத்தில் எண் இறங்கிவிட்டால் பாதுகாப்பும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். மூன்று தவணை ஊசி போட்ட குரங்குகளுக்கு 4 வருடம் கழித்துக் கிருமியைக் கொடுத்தபோதும் பெரும்பாலானவை பிழைத்தன, அந்த நேரத்தில் ஆன்டிபாடி வெகுவாக இறங்கியிருந்தது. ஊசியை ஞாபகம் வைத்திருக்கும் செல்கள் உடம்பில் இருக்கின்றன, ஆபத்து வந்ததும் மறுபடி வேகமாக ஆன்டிபாடி செய்கின்றன. அந்த ஞாபகம் எலிசாவிலும் தெரியாது, நச்சு முறிக்கும் சோதனையிலும் தெரியாது. ஆக 6-ஆம் தேதி நான் சொன்னதன் மறுபாதி இது: எண் கூடியிருந்தும் சாகலாம், குறைந்திருந்தும் பிழைக்கலாம்.

பிப்ரவரி 22

மேலூர்த் தம்பி பட்டிக்கு அடைப்பான் ஊசி வந்துவிட்டது! தாத்தாவின் கதையை டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டு போய் வாங்கி வந்து போட்டிருக்கிறார். தம்பி குப்பியை முதலில் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுத்தான் ஆட்டைப் பிடித்தாராம். ஸ்போர் தடுப்பூசி என்றே இருக்கிறது.

பிப்ரவரி 22, மாலை

தம்பி இப்போது இன்னொன்று எழுதினார். ஊசி போடுவதற்கு முந்தின நாள் 7 ஆடு இருமியது என்று கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக் ஊசியை அவரே போட்டிருக்கிறார், டாக்டரிடம் சொல்லவில்லை.

அந்த 7 ஆட்டுக்கும் ஊசி பிடித்திருக்கும் என்று எண்ண வேண்டாம் தம்பி. இது உயிருள்ள ஊசி. ஸ்போர் முளைத்து, உடம்புக்குள் கொஞ்சம் பெருகி, பி.ஏ.-வைச் செய்து காட்டினால்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். ஆன்டிபயாடிக் முளைக்கும்போதே அதைக் கொன்றுவிடும். தொண்டை அடைப்பான் ஊசியாக இருந்தால் பரவாயில்லை, அது ஏற்கெனவே செத்த கிருமி. இதற்கு ரத்தச் சோதனையும் வேண்டாம், எலிசாவும் வேண்டாம். 7 ஆட்டுக்கும் காதில் அடையாளம் போட்டுவிட்டு டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், மருந்து உடம்பை விட்டுப் போனதும் மறுபடி எப்போது போடலாம் என்று அவர் தேதி சொல்வார். அதுவரை அந்த 7-ஐயும் கண்மாய்க்கு மேற்கே விட வேண்டாம்.

மார்ச் 8

7-க்கும் இன்று போட்டாயிற்று. இரண்டு வெள்ளாட்டுக்குத் தோள்பட்டையில் எலுமிச்சை அளவு வீக்கம், தாத்தாவுக்கு ஒரே சந்தோஷமாம். இன்னும் இரண்டு வாரம் மேற்குப் பக்கம் மேய்ச்சல் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.